நெடியபிரானுக்குச் சங்கிலி அடித்தவர்

தாமிரபரணிக் கரையில் நெடியூர் என்றொரு சிற்றூர். அங்கே கோயில் கொண்ட பெருமாளுக்கு நெடியபிரான் என்று பெயர். ஒரே கருங்கல்லில் பத்தடி உயரம், நின்ற திருக்கோலம். அந்தப் பெருமானுக்கு ஆட்பட்டவர் மாடக்கண்ணு. தொழிலோ எரிவாயு அடுப்புகளைப் பழுதுபார்ப்பது. சைக்கிளின் பின்னால் தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு, "அடுப்பு ரிப்பேரு!" என்று தெருத் தெருவாகக் கூவிப் போவார். பாலும் குழம்பும் பொங்கி அடைத்த பர்னர்களை ஊசியால் குத்திச் சுத்தம் செய்வார். இளவயதில் ஒரு ஸ்டவ் வெடித்து வலக்கண் போய்விட்டது. மிஞ்சிய ஒற்றைக் கண்ணோடு மாலைதோறும் ஆற்றில் குளித்து, விரலிடுக்குக் கரியை மணல் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுக் கோயிலுக்குப் போவார். கம்பித் தடுப்புக்கு இப்பால் நின்று பெருமானைப் பார்ப்பார்.

பார்ப்பது என்றாலும் பாதங்களை மட்டும்தான். அந்தக் கருவறையில் மின்விளக்கு கூடாது என்பது வழக்கம். முன்பு ஒரு பெரிய வெண்கல விளக்கு கூரையிலிருந்து சங்கிலியில் தொங்கி, திருமுகத்துக்கு நேரே எரிந்ததாம். பழைய சங்கிலி துருப்பிடித்து இற்றுப்போகவே, கடையில் வாங்கிய சங்கிலி ஒன்றை மாட்டினார்கள். ஒருநாள் பூசை நடக்கும்போது அதன் ஒட்டு விட்டுப்போய், விளக்கு அர்ச்சகர் சௌரி பட்டரின் வலத்தோளில் விழுந்தது. அதன்பின் அவரால் அந்தக் கையை மார்புக்கு மேல் தூக்க முடியவில்லை. தீபாராதனைத் தட்டு பெருமானின் இடுப்பளவு போய்த் திரும்பிவிடும். விளக்கையும் தரையிலேயே வைத்துவிட்டார்கள். பாதம் தெரியும், பட்டின் கரை தெரியும், அதற்கு மேல் இருட்டு. மாடக்கண்ணு அந்த ஊருக்குப் பிழைக்க வந்தது அதற்குப் பிறகு. பதினோரு ஆண்டுகளாகத் தினமும் போய்வந்தும் திருமுகத்தை அவர் ஒரு முறைகூடக் கண்டதில்லை.

ஊரில் பழைய ஆட்களைக் கண்டால் அடுப்பைப் பிரித்துப் போட்டுக்கொண்டே கேட்பார்: "மொகம் எப்படி இருக்கும் அம்மா?" ஒருத்தி சிரித்த முகம் என்பாள். இன்னொருத்தி கொஞ்சம் கோபமாக இருக்கும் என்பாள். கேட்டதையெல்லாம் மனத்துக்குள் கூட்டிச் சேர்த்துப் பார்ப்பார். ஒன்றும் உருவாகாது. அந்த இருட்டே வந்து நிற்கும்.

கோயில் வாசல் பூக்கடைக்காரர் ஒருநாள் கேலியாகச் சொன்னார். "ஒரு டார்ச்ச அடிச்சுப் பாத்துட்டுப் போவும் வேய். சாமி என்ன ஓடியா போயிரும்?"

மாடக்கண்ணு காதைப் பொத்திக்கொண்டார். "அவரா காட்டணும் அண்ணாச்சி. நான் வெளிச்சம் அடிச்சுத் தேடுனா அது திருட்டுல்லா?"

பின்னர் பட்டரிடம் போய், விளக்கை மறுபடி தொங்கவிடக் கூடாதா என்று பணிந்து கேட்டார். பட்டர் தம் தோளைத் தடவிக்கொண்டார்.

"ஒட்டு வச்ச சங்கிலின்னா நான் உள்ள நிக்க மாட்டேன் மாடக்கண்ணு. பழைய சங்கிலியில ஒவ்வொரு வளையமும் தீயில காய்ச்சி அடிச்சே சேத்தது. அந்த மாதிரி ஒண்ணு கொண்டுவாரும், மாட்டிடலாம்."

சந்தையில் கொல்லுப்பட்டறை வைத்திருந்த உலகநாத ஆசாரியிடம் போய் அதைச் செய்து தரக் கேட்டார். அவர் சிரித்தார். அந்த வேலைக்கு இப்போது யார் மெனக்கெடுவார்கள் என்று கைவிரித்தார். "நானே அடிச்சுப் பாக்கட்டுமா?" என்று மாடக்கண்ணு கேட்டதும் சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. "இரும்ப இரும்போட சேக்கது, அடுப்புல பால் காய்ச்சுத வேலைன்னு நெனச்சீரா வேய்?"

அன்றே மாடக்கண்ணு முடிவு செய்துவிட்டார். வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தார். கரிப்புகை எழுப்பினால் வீட்டுக்காரர் விடமாட்டார். ஆனால் எரிவாயு அவர் கைக்குப் பழகியது. பழைய இரும்புக் கடையில் காலிச் சிலிண்டர் ஒன்றை வாங்கினார். உள்ளே தங்கிய வாயு போக இரண்டு நாள் தண்ணீர் நிரப்பி வைத்து, பிறகு இருபுறமும் அறுத்து உலைக்கு உடலாக்கினார். ஒரு குழாயில் அடுப்பின் வாயு பீச்சும் பித்தளை ஜெட்டைப் பொருத்தி, வேறொரு சிலிண்டரிலிருந்து வாயு வந்து எரியும்படி உலையின் விலாவில் செருகினார். ஓட்டுச் சூளையில் கழித்துப்போட்ட வெப்பம் தாங்கும் கம்பளியைக் கேட்டு வாங்கிவந்து, அதன் தூசி நெஞ்சுக்கு ஆகாது என்று ஈரத்துண்டால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு, உட்புறமெங்கும் இரண்டு சுற்று அணைகொடுத்தார். அதன்மேல் சூளைக் களிமண்ணைக் குழைத்துப் பூசினார்.

பூசிய மறுநாளே ஆவல் தாங்காமல் தீயை வைத்தார். களிமண்ணின் ஈரம் ஆவியாகி, பூச்சு பட்டென்று வெடித்துச் சிதறியது. அண்டை வீட்டார் அலறிக்கொண்டு ஓடிவந்தார்கள். வீட்டுக்காரர், இனி இங்கே தீ மூட்டினால் வீட்டைக் காலி செய்யவேண்டும் என்று கத்திவிட்டுப் போனார்.

மாடக்கண்ணுவின் மனைவி பேராச்சி சிதறிய மண்ணைக் கூட்டி அள்ளினார். "பதினோரு வருசம் பொறுத்த மனுசனுக்கு ஒரு வாரம் பொறுக்க முடியலயோ?"

"தப்பு எம்மேலதான் ஏட்டி. அவரு மொகம் கிட்ட வந்துட்ட மாதிரி இருந்துச்சு. அவசரப்பட்டுட்டேன்."

உலையைச் சைக்கிளில் வைத்து ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனார். அங்கே இடிந்து கிடந்த பம்புசெட்டு அறையை அதன் சொந்தக்காரரிடம் கேட்டுப் பெற்றார். மறுபடி பூசினார். இம்முறை ஒன்பது நாள் நிழலில் உலரவிட்டு, பிறகு நாளுக்கொரு நாழிகை சின்னத் தீயாகக் காட்டிச் சூடேற்றினார். உலை தாங்கியது. ஆனால் இரும்பு இணங்கவில்லை. சிவந்த கம்பியை வளைத்து நுனிகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து அடித்தால், ஆறியதும் விரிந்து நின்றது. சூட்டைக் கூட்டினார். வெண்காரம் தூவினால் இரும்பு இளகிச் சேரும் என்று கேள்விப்பட்டுத் தூவினார். உருகி வழிந்த வெண்காரமோ, தண்ணீர் பட்ட சர்க்கரையைப் போல உலையின் அடிப்பூச்சைக் கரைத்துத் தின்றுவிட்டது. மூன்று முறை பிரித்து மூன்று முறை பூசினார். நான்காம் முறை சூளைச் செங்கல் ஒன்றை அடியில் தளமாகப் பதித்த பிறகே வெண்காரத்தின் வாய் அடங்கியது.

அதற்கு மறுவாரம் ஒரு வளையம் சேர்ந்தது. மாடக்கண்ணு அதைக் கல்லில் ஓங்கி எறிந்தார். அது விரியவில்லை. எடுத்து மறுபடி எறிந்தார். பிறகு அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

சங்கிலிக்கு நாற்பத்திரண்டு வளையங்கள் வேண்டும். பேராச்சி வாயுவின் திருகைப் பிடித்துக்கொள்வார்; மாடக்கண்ணு வெண்மஞ்சளாகக் கனிந்த இரும்பை எடுத்து, "நெடியோனே" என்று சொல்லி அடிப்பார். பிழைப்பும் பார்த்துக்கொண்டு செய்ததில் ஓராண்டுக்குமேல் ஆயிற்று. புரட்டாசி நெருங்கியது. நாற்பத்திரண்டாவது வளையத்தில் சுத்தியல் விழுந்தபோது, உருகிய வெண்காரம் தெறித்து அவருடைய ஒற்றைக் கண்ணில் பாய்ந்தது.

மருத்துவமனையில் பதினைந்து நாள் இருந்தார். கட்டு அவிழ்த்தபின் டாக்டர், "வெளிச்சம் இருக்கா இல்லையான்னு தெரியும். உருவம் தெரியாது" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பேராச்சிக்கு ஆற்றாமை பொங்கிவிட்டது. "மொகத்தக் காட்டுன்னுதான கேட்டீங்க? இருந்த ஒத்தக் கண்ணையும் புடுங்கிட்டாரே! இவரா சாமி?"

மாடக்கண்ணு கேட்டார், "கடைசி வளையம் சேந்துச்சா?"

பேராச்சி அழுதபடியே அதைத் தடவிப் பார்த்தார். "சேந்துட்டு."

"அப்பம் கொண்டுபோயிக் குடுத்திருவோம். பாக்கணுங்கிற ஆசையிலதான் அடிச்சேன், இல்லேங்கல. ஆனா வெளக்கு அவருக்குத்தான ஏட்டி."

இப்படிச் சொன்னாரே தவிர, ஏக்கம் அவரை விட்டபாடில்லை. சங்கிலியை மடியில் போட்டு ஒவ்வொரு வளையமாக விரலால் தொட்டுக்கொண்டே போவார். கண்ணீர் தானாக வழியும்.

புரட்டாசி முதல் சனிக்கிழமை காலை விளக்கு ஏற்றுவதாக ஏற்பாடு. விஷயம் கேள்விப்பட்டு உலகநாத ஆசாரியும் சுத்தியலோடு வந்தார். கோயில் முற்றத்தில் சங்கிலியைக் கல்லின்மேல் வைத்து, நாற்பத்திரண்டையும் தட்டிப் பார்த்தார். கடைசியில் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "எங்க சேத்தீருன்னே தெரியலையே வேய்" என்றார். அவர் குரல் தணிந்திருந்தது.

விளக்கு ஏறியது. பட்டர் திரையை விலக்கினார். கூடியிருந்தவர்கள் வாயிலிருந்து ஒரே மூச்சாக "கோவிந்தா!" என்ற ஒலி எழுந்து, பிறகு அடங்கிவிட்டது. மாடக்கண்ணு கம்பியைப் பிடித்துக்கொண்டு, உயரத்தில் எழுந்த மங்கலான வெளிச்சத்தை நோக்கி முகத்தைத் தூக்கி நின்றார்.

"எப்படி இருக்காரு? சொல்லு பேராச்சி."

அந்த அம்மையார் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மாடக்கண்ணு கையமர்த்தினார்.

"இரி, இரி. சொல்லாத." வாய்விட்டுச் சொன்னார். "சிரிக்காரு. வலது ஓரத்துல மட்டும் லேசா. எடது புருவத்துக்கு மேல நெல்லு மாதிரி ஒரு உளித் தழும்பு. ஐயோ, செஞ்சவனுக்குக் கை பெசகியிருக்கு. அதையும் தாங்கிக்கிட்டுல்லா நிக்காரு!"

பேராச்சி நிமிர்ந்து பார்த்தார். முகமெங்கும் எண்ணெய்க் காப்பின் கருமை. தழும்பு எதுவும் தெரியவில்லை. ஆனால் உள்ளே பட்டரின் கையிலிருந்த மணி நின்றுபோயிற்று.

ஆண்டுக்கொரு முறை திரைபோட்டு, சாரத்தில் ஏறித் தைலக்காப்பு சாத்தும்போது தம் விரலில் தட்டுப்படும் தழும்பு அது. காப்புக்கு அடியில் கிடப்பது. கண்ணுள்ள எவருக்கும் தெரியாதது. மூலவரின் திருமேனியில் குறை சொல்லலாகாது என்று அவர் தம் பிள்ளையிடம்கூட அதைச் சொன்னதில்லை.

சௌரி பட்டர் சடாரியையும் பெருமான் சூடிய துளசி மாலையையும் எடுத்துக்கொண்டு தடுப்பைத் திறந்து வெளியே வந்தார். "குனியும் மாடக்கண்ணு. எனக்குக் கை எட்டாது" என்றார். அவர் குனிந்தார். பட்டர் சடாரியை அவர் தலையில் வைத்து, மாலையை அணிவித்தார். பிறகு எல்லோரும் கேட்க, "நாப்பது வருஷமா நான் தொட்டுதான் பாத்திருக்கேன். ஒமக்கு அவரே காட்டிட்டார் ஓய்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஊரார்க்கெல்லாம் திருமுகம் விளங்க வெளிச்சம் கொடுத்துவிட்டு, தாம் அதைக் கண்ணின்றிக் கண்ட அந்த எளியவரை நெஞ்சார நினைப்போம். நினைக்கும் நெஞ்சுக்கும் அத்தகைய தாகம் வாய்ப்பதாக.