வடிவு உருட்டிய சாக்லேட் உருண்டைகள்

மலைகளுக்கு இன்னும் பெயர் வைத்து முடிக்காத காலம் அது. மேகம் இறங்கித் தங்குகிற ஒரு மலைநாட்டில் வடிவு என்று ஒருத்தி இருந்தாள். எருமை வைத்திருந்தாள். பாலைக் கறந்து, காய்ச்சி, ஏடு எடுத்து, வெண்ணெய் கடைந்து விற்பாள். அவள் புருஷன் சடையன் கோவேறு கழுதை ஓட்டுகிறவன். அடிவாரத்துச் சந்தையில் சாக்லேட் பாளங்களை ஏற்றிக்கொண்டு போய் மலையுச்சிக் கோட்டையில் இறக்கிவிட்டு வருவான். பாளம் என்றால் வெல்ல அச்சு மாதிரி. கறுப்பாக, கெட்டியாக, சுத்தியலால் தட்டினால்தான் உடையும்.

அந்தக் கோட்டையில் இருந்தவன் கோரமாலி என்கிற மந்திரவாதி. அவனுக்கு என்ன வயது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. பார்த்தால் இளவட்டம் மாதிரி இருப்பான். அவனைப் பற்றிக் கெட்டதாக யாரும் பேசியதில்லை. கோட்டைக்குப் போனால் மரியாதையாக உட்காரவைத்து ஒரு சாக்லேட் உருண்டை கொடுப்பான், வாயில் போட்டதும் கரையுமாம் என்றுதான் பேச்சு. போனவர்களில் சிலர் திரும்பி வரவில்லை. மலைப்பாதைதானே, கால் வழுக்கியிருக்கும் என்று ஊர் நினைத்துக்கொண்டது.

ஒரு நாள் சடையனின் கழுதைகள் மட்டும் வீட்டுக்குத் திரும்பி வந்தன.

வடிவு கோட்டைக்கு ஏறினாள். கோரமாலியே வாசலுக்கு வந்தான்.

"சடையனா? பாளத்தை இறக்கிவிட்டு அப்போதே போய்விட்டானே. களைப்பாக இருக்கிறாயே, ஓர் உருண்டை சாப்பிடு."

உள்ளங்கையில் நீட்டினான். கொட்டைப்பாக்கு அளவில், மேலே மண் தூவினது மாதிரி பழுப்புப் பொடியோடு இருந்தது அது.

"இப்ப எதுவும் இறங்காது சாமி," என்று சொல்லிவிட்டு அவள் திரும்பி நடந்தாள். அது தன்னைக் காப்பாற்றியது என்று அவளுக்கு அப்போது தெரியாது.

வீட்டுக்கு வந்தால், பால் அறையில் ஒரு மரநாய் ஏட்டுச் சட்டிக்குள் தலையை விட்டிருந்தது. வடிவு மத்தைக் கையில் எடுத்தாள்.

"அடிக்காதே!" என்றது மரநாய். "உன் புருஷன் எங்கே என்று எனக்குத் தெரியும். இன்னொரு கிண்ணம் ஏடு கொடு, சொல்கிறேன்."

பேசுகிற மரநாயை வடிவு அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனாலும் கேட்க வேண்டியதை முதலில் கேட்டாள். "உயிரோட இருக்காரா?"

"ஏடு."

ஏடு கொடுத்தாள். மரநாய் நக்கி முடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு சொன்னது:

"நான் கோட்டை மோட்டுவளையில் குடியிருக்கிறவன். மந்திரப் புகை பட்டுப் பட்டுப் பேச்சு வந்துவிட்டது. அவன் கொடுக்கிற உருண்டையைத் தின்கிறவர்கள் தாங்களும் உருண்டையாகிவிடுகிறார்கள். வெள்ளித்தட்டில் அடுக்கி நிலவறையில் வைத்திருக்கிறான். அமாவாசைக்கு அமாவாசை, உச்சிப்பொழுதில் ஒன்றை எடுத்துத் தின்பான். அந்த ஆளின் மிச்ச ஆயுசு இவனுக்கு வந்துவிடும். உன் புருஷனும் அந்தத் தட்டில்தான் இருக்கிறான்."

வடிவு மத்தைக் கீழே வைத்தாள். "இதை அழிக்க வழியே இல்லையா?"

"ஒன்று இருக்கிறது. உயிரில்லாத வெறும் சாக்லேட் அவன் தொண்டையில் இறங்கினால் மந்திரம் அத்தனையும் போய்விடும். அதனால் பாளத்தில் ஒரு துணுக்கைக்கூட அவன் வாயில் போட்டுப் பார்த்ததில்லை."

"தட்டுல என் வீட்டுக்காரர் எது?"

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். உன் புருஷனைப் பெற்றவள் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது."

வடிவு கொஞ்சநேரம் யோசித்தாள். "அப்படின்னா தட்டுல இருக்கிற அத்தனை பேரையும் எடுத்துட்டு, நான் செஞ்ச உருண்டைகளை வச்சுட்டா?"

"வைக்கலாம். ஆனால் அவன் பார்ப்பான், தொடுவான், மோப்பான். அதற்குப் பிறகுதான் வாயில் போடுவான்."

உடைந்த பாளங்களைக் கோட்டையில் வாங்கமாட்டார்கள். சடையன் அவற்றை வீட்டு மூலையில் ஒரு சாக்கில் போட்டு வைத்திருந்தான். வடிவு சாக்கை அவிழ்த்தாள். சாக்லேட் உருண்டை செய்து அவளுக்குப் பழக்கமில்லை. பாலும் ஏடும் அடுப்பும் பழக்கம், அவ்வளவுதான்.

பாளத்தைச் சீவி ஒரு சட்டியில் போட்டாள். ஏட்டைத் தளதளவென்று கொதிக்கவிட்டு அதன் தலையில் கொட்டினாள். கடைகிற வேகத்தில் மத்தை விட்டுச் சிலுப்பினாள். கண்ணெதிரே அது திரிந்துபோய், எண்ணெய் தனியாக, மணல் மாதிரித் திப்பி தனியாக நின்றது.

மரநாய் எட்டிப் பார்த்தது. "பார்த்தாலே தெரிந்துவிடும்," என்றது. ஒரு கிண்ணம் ஏடு குடித்துவிட்டுப் போனது.

இரண்டாவது தடவை ஏட்டைக் கொதிக்கவிடவில்லை. ஓரத்தில் சின்னக் குமிழ் கட்டியதும் இறக்கினாள். சீவலின் மேல் ஊற்றி, தொடாமல் கொஞ்சம் விட்டுவைத்தாள். பிறகு நடுவிலிருந்து சின்ன வட்டமாக, மெதுவாகக் கிண்டினாள். கறுப்பாகப் பளபளத்துக்கொண்டு ஒன்றாகக் கூடி வந்தது. ஆனால் ஏடு அதிகமாகிவிட்டது. உருட்டி வைத்தவை தட்டில் அப்பளம் மாதிரி படுத்துவிட்டன.

"தொட்டாலே தெரிந்துவிடும்," என்றது மரநாய். ஒரு கிண்ணம் ஏடு குடித்துவிட்டுப் போனது.

மூன்றாவது தடவை ஏட்டைக் குறைத்தாள். கடைசியில் ஒரு கட்டி வெண்ணெயும் சேர்த்தாள். சட்டியை வாய்க்காலின் குளிர்ந்த தண்ணீரில் இடுப்பளவு அமிழ்த்தி, இறுகும்வரை காத்திருந்தாள். உருண்டை உருண்டையாகவே நின்றது. வடிவு மரநாயைக் கூப்பிட்டாள். அது ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தது, தொட்டது, மோந்தது, முகத்தைச் சுளித்தது.

"ஈர விறகு எரித்தாயா? புகை நாறுகிறது. மோந்தாலே தெரிந்துவிடும்."

வடிவு சாக்கைக் கவிழ்த்துப் பார்த்தாள். மறுநாள் அமாவாசை. சாக்கின் அடியில்தான் கொஞ்சம் மிச்சம் இருந்தது. வாசலில் கரி போட்டு, கனன்றதும் புதுச்சட்டியில் ஏட்டை வைத்தாள். அவசரப்படவில்லை. அவசரப்பட்டால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டாள். உருட்டும்போது உள்ளங்கைச் சூட்டுக்கு இளகியது. கையைத் தண்ணீரில் நனைத்து, துடைத்து, ஒன்றை உருட்டி, மறுபடி நனைத்து, துடைத்து, அடுத்ததை உருட்டினாள். மேலே தூவுவதற்கு மரநாய் கொக்கோ கொட்டைகள் கொண்டுவந்து கொடுத்தது. பழத்தின் சதையை அது தின்றுவிட்டுத் துப்பியவைதான். வடிவு அவற்றைக் கழுவிக் காயவைத்து, வறுத்து, தோல் நீக்கி, இடித்து, மெல்லிய துணியில் சலித்தாள். பழுப்புப் பொடியில் உருண்டைகளைப் புரட்டி எடுத்தாள்.

மரநாய் பார்த்தது, தொட்டது, மோந்தது.

"கிளம்பு," என்றது. "அதற்கு முன்னால் ஏடு."

மறுநாள் காலை வெண்ணெய்க் கூடையோடு வடிவு கோட்டைக்கு ஏறினாள். மேலே வெண்ணெய், அடியில் ஈர இலைக்கு நடுவே உருண்டைகள். வெண்ணெய்க்காரி என்று வாசல் காவலர்கள் உள்ளே விட்டார்கள். கோரமாலி குளத்தில் முழுக்குப் போட்டுக்கொண்டிருந்தான். மரநாய் காற்றுச் சந்து வழியாக நிலவறைக்குள் இறங்கி, உள்ளிருந்து அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டது.

வெள்ளித்தட்டில் ஆட்கள் வரிசையாக இருந்தார்கள். எது சடையன் என்று தெரியாததால் ஒவ்வொருவரையும் சடையனை எடுப்பது மாதிரியே எடுத்தாள். ஓர் உருண்டையில் அவள் நகம் பட்டு லேசாகக் குழி விழுந்தது.

"மன்னிச்சுக்கோங்க, யாரா இருந்தாலும்," என்று முணுமுணுத்தாள்.

இவர்கள் இருந்த இடத்தில் தன்னுடையவற்றை அடுக்கினாள். அடுத்து, வெயிலில் இவர்களைக் கொண்டுபோக வேண்டும். சூடுபட்டு இளகினால் சடையனும் அடுத்தவனும் ஒட்டிக்கொண்டுவிடுவார்கள். கூடையை ஈரத்துணியால் மூடி, பின்வாசல் வழியாக ஓடினாள். ஓடைக்கரையில் ஒரு பாறைக் குகை இருந்தது; வெயில் எட்டாத இடம். அதற்குள் ஈர இலை விரித்தாள்.

"கூடைக்குள் வைக்காதே," என்றது மரநாய். "மந்திரம் போனால் அத்தனை பேரும் அதே கூடைக்குள் எழுந்திருப்பார்கள்."

ஒவ்வொன்றாக எடுத்துத் தள்ளித் தள்ளி வைத்தாள்.

அப்படியே வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் வந்த வெண்ணெய்க்காரியைக் காணோம் என்றால் கோரமாலிக்குச் சந்தேகம் வரும். திரும்பிப் போனாள். குளித்து முடித்துப் பட்டு உடுத்தி, மண்டபத்தில் உட்கார்ந்திருந்தான் அவன். முன்னால் வெள்ளித்தட்டு இருந்தது.

"வெண்ணெயை அந்தப் பக்கம் வை," என்றான்.

வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். உச்சிப்பொழுது வந்தது. கோரமாலி ஓர் உருண்டையை எடுத்தான். பார்த்தான். தொட்டான். மோந்தான். வடிவு மூச்சை அடக்கிக்கொண்டாள்.

அவன் அதைக் காதருகே கொண்டுபோனான்.

மோட்டுவளையில் மரநாய் திடுக்கிட்டது. இத்தனை நாளும் மேலேயிருந்து பார்த்த அதற்கு, அவன் காது சொறிகிறான் என்றுதான் தோன்றியிருந்தது.

"மூச்சு இல்லையே," என்றான் கோரமாலி. இன்னொன்றை எடுத்துக் காதில் வைத்தான். மூச்சு இல்லை. மூன்றாவதிலும் இல்லை. மூன்றையும் ஒரே கையில் இறுக்கிக்கொண்டு எழுந்தான். முகம் சிவந்துவிட்டது. "யார் செய்த வேலை இது?"

வாசலில் காவல் இருந்தது. ஓடினால் எட்டமுடியாது.

"நான்தான் சாமி," என்றாள் வடிவு.

"நீயா? எருமைக்காரியா? என் உருண்டை மாதிரியே எப்படிச் செய்தாய்?"

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள். கோபத்தில் கொதிக்கிறவனின் மூடிய கை. உள்ளே ஏடும் வெண்ணெயும் சாக்லேட்டும். விரலிடுக்கில் ஒரு பழுப்புக் கோடு எட்டிப்பார்த்தது.

"சொல்றேன் சாமி, மறைக்க என்ன இருக்கு," என்றாள். நிதானமாக ஆரம்பித்தாள். "முதல்ல எருமையைக் கறந்தேன். காலையிலே கறந்த பால்தான் இதுக்கு நல்லது. அதைக் காய்ச்சி, ஆறவிட்டு, ஏடு கட்டுறவரைக்கும் காத்திருந்தேன்..."

"கதை வேண்டாம். ஏடு எவ்வளவு?"

"முதல்ல அதிகமா ஊத்திட்டேன் சாமி. படுத்துடுச்சு."

"படுக்கத்தான் செய்யும்," என்றான் அவன், தன்னை அறியாமல். யாரோடும் அவன் இந்தத் தொழிலைப் பேசியதில்லை. "கொதிக்கவிட்டாயா?"

"கொதிக்கவிட்டதும் திரிஞ்சுபோச்சு. அப்புறம் ஓரத்துல குமிழ் வந்ததும் இறக்கினேன்."

"வெண்ணெய் எப்போது போட்டாய்?"

"கடைசியில. சூடு ஆறின பிறகு."

சாக்லேட் அவன் மணிக்கட்டில் இறங்கியது. பட்டில் ஒரு சொட்டு விழுந்தது. அப்போதுதான் கோரமாலிக்குச் சுயநினைவு வந்தது.

"போதும். உன்னை எறும்பாக்கி, மிதித்துவிட்டு மறுவேலை பார்க்கிறேன்," என்று கையை உயர்த்தினான். மந்திரத்துக்கு விரலைச் சொடுக்க வேண்டும். சொடுக்கினான், வழுக்கியது. மறுபடி சொடுக்கினான், மறுபடி வழுக்கியது. எரிச்சலில், கையில் சாக்லேட் ஒட்டியிருக்கிற எல்லோரும் செய்கிற காரியத்தை அவனும் செய்தான்.

விரலை நக்கிவிட்டான்.

நாக்கில் பட்டது, தொண்டையில் இறங்கியது. கோரமாலி அசையாமல் நின்றான். கறுத்த தலை நரைத்தது. நரைத்த தலை உதிர்ந்தது. முதுகு வளைந்து, பட்டு தோளிலிருந்து நழுவி, பல்லில்லாத கிழவன் ஒருவன் இருக்கையில் மெதுவாக உட்கார்ந்தான்.

"நன்றாகத்தான் இருக்கிறது," என்றான். அதுதான் அவன் கடைசியாகப் பேசியது.

வடிவு ஓடிப்போய்ப் பார்த்தால் ஓடைக்கரையில் ஒரே கூச்சல். குகை சின்னது, ஆட்கள் அதிகம். ஒருவர் முழங்கை இன்னொருவர் விலாவில் இடிக்க, தலையெல்லாம் பழுப்புப் பொடியோடு ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். அந்த நாட்டு ராஜாவின் தம்பியும் அதில் இருந்தார். கடைசியாகத்தான் சடையன் வந்தான்.

"வடிவு," என்றான். அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியாமல், "கழுதையெல்லாம் வந்து சேர்ந்ததா?" என்றான்.

"வந்துடுச்சுங்க," என்றாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். வீடு வரைக்கும் விடவில்லை.

முன்பே தின்னப்பட்டவர்கள் திரும்பி வரவில்லை. அவர்கள் வீடுகளில் அன்றைக்குத்தான் விளக்கேற்றி அழுதார்கள். இதையும் சொல்லாவிட்டால் கதை முழுசாகாது.

ராஜா அந்தக் கோட்டையை வடிவுக்கே எழுதிக்கொடுத்தார். குளிர்ந்த நிலவறையில் அவள் வெண்ணெய் வைத்தாள், கோடையிலும் கெடவில்லை. மந்திரத்தோடு மரநாயின் பேச்சும் போய்விட்டது. ஆனால் அது தினமும் வந்து சட்டியின் முன் உட்கார்ந்தது. கேட்காமலே அவள் ஏடு ஊற்றினாள்.

சாக்லேட்டை மட்டும் அந்த ஊரில் யாரும் தொடவில்லை. சடையன் பாளத்தைக் கண்டாலே நகர்ந்து உட்காருவான். ஒரு மழை நாளில் வடிவு மறுபடி ஏட்டைக் காய்ச்சினாள், கிண்டினாள், ஆறவிட்டாள், உருட்டினாள். தட்டை அவன் முன்னால் வைத்தாள்.

"வேண்டாம் வடிவு."

அவள் ஒன்றை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். சடையன் எழுந்து நின்றுவிட்டான். அவள் மென்றாள், விழுங்கினாள், அவனைப் பார்த்தாள். வடிவு வடிவாகவே இருந்தாள்.

வெகுநேரம் கழித்து அவன் உட்கார்ந்தான். தட்டிலிருந்து ஒன்றை எடுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயில் போட்டான். கண்ணைத் திறந்து இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அடுத்ததை எடுத்தான்.

கதை கரைந்துவிட்டது. கேட்டவர்கள் வாயைத் துடைத்துக்கொள்ளலாம்.