அன்செல்மின் அளவு

"அன்செல்முக்குச் செய்ததைப் போலவே எனக்கும் ஒரு தலைக்கவசம் வேண்டும்" என்றான் ருடிகர்.

பிரிகிட்டா சுத்தியலைக் கீழே வைக்கவில்லை.

"போலவேயா?"

"போலவே. மயிரிழை பிசகக் கூடாது."

"உட்காரும். தலையை அளக்கிறேன்." அளவுநூலை எடுத்தாள்.

"என் தலையை எதற்கு? அன்செல்மின் அளவு உன்னிடம் இருக்கிறதே. அதையே வைத்துச் செய்."

பிரிகிட்டா நூலைத் திரும்பச் சுருட்டினாள்.

"சரி" என்றாள்.

*

ருடிகர் குதிரைவீரன். ஜெர்மானிய மலையடிவாரத்தில் ஒரு கோட்டையில் சேவகம். வயது நாற்பத்திரண்டு.

அன்செல்மும் அதே கோட்டை, அதே வயது. இருவரும் ஒரே நாளில் வீரப்பட்டம் வாங்கியவர்கள். தொல்லை அங்கேதான் ஆரம்பம்.

பிரிகிட்டா அந்த ஊரில் கவசம் செய்கிறவள். புருஷன் போன பிறகு பட்டறையை அவளே நடத்தினாள். கவசம் வாங்க வருகிறவர்களோடு புத்தி கேட்க வருகிறவர்களும் உண்டு. இந்த இரண்டாவது ரகத்தை அவள் ரொம்ப நேரம் உட்கார வைப்பதில்லை. வேலை கெடும்.

*

அன்செல்மிடம் எது இருந்தாலும் ருடிகருக்குப் பொறுக்காது.

அன்செல்மின் குதிரை. நாற்பது தாண்டியும் உதிராத அன்செல்மின் முடி. அன்செல்மின் தலைக்கவசத்து உச்சியில் தோலால் செய்து வெள்ளை பூசிய அன்னம்.

அந்த அன்னத்தைவிட ஒரு முழம் உயரமாக ருடிகர் தன் கவசத்தின்மேல் ஒரு கொக்கு வைத்துக்கொண்டான். காற்று அடித்தால் கொக்கின் கழுத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் குதிரை ஓட்ட முடிந்தது.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் அதே பேச்சு. அன்செல்ம் இப்படிச் சிரித்தான். அன்செல்ம் அப்படித் திரும்பினான்.

ஒருநாள் அவன் மனைவி ஹெட்விக் ரொட்டிக் கூடையை டொக்கென்று வைத்தாள்.

"அவருக்கும் ஒரு தட்டு போட்டுவிடட்டுமா? தினமும்தான் வருகிறாரே!"

*

நாற்பது நாளில் கவசம் தயாரானது.

பார்க்கப் பார்க்க அழகு. தவளை வாயைப் பாதி திறந்ததுபோல முன்புறம் நீண்ட கீழுதடு. அதற்கும் மேலே கூரைபோல இறங்கும் நெற்றித் தகட்டுக்கும் நடுவே, பார்க்க ஒரே ஒரு பிளவு. வலக் கன்னத்தில் மூச்சுக்குத் துளைகள். இடக் கன்னத்தில் ஒன்றுகூட இல்லை. ஈட்டி அந்தப் பக்கமாகத்தான் வரும்.

ருடிகர் அதைத் தலையில் கவிழ்த்தான்.

காதுக்குமேல் நின்றுவிட்டது.

அழுத்தினான். கீழே இருந்து இழுத்தான். முகம் சிவந்தது. பூசணிக்காய்மேல் சின்னச் செம்பைக் கவிழ்த்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தான்.

"போகவில்லையே!"

"போகாது."

"ஏன்?"

"அன்செல்மின் அளவைக் கேட்டீர். அவர் தலையைக் கேட்கவில்லையே."

கழற்ற அரை நாழிகை ஆயிற்று. ஒரு காது உரிந்தது.

"சரி, ஒப்புக்கொள்கிறேன். முட்டாள்தனம்தான். இப்போது என் தலையை அள."

"முடியாது."

"ஏன்?"

"அது இங்கே இல்லை."

ருடிகர் கையைத் தூக்கித் தலையைத் தொட்டுப் பார்த்தான். வேறு என்ன செய்ய முடியும்?

*

"உனக்கு விளையாட்டாக இருக்கிறது" என்றான் அவன். "ஈட்டிப் போட்டிக்கு எட்டே நாள். பழைய கவசத்தோடு போனால் என் கண் போய்விடும்."

நெற்றி முடியை ஒதுக்கிக் காட்டினான். இடப் புருவத்தின் குறுக்கே ஒரு தழும்பு. ஒழுங்கில்லாத தையல்.

"போன வருஷம். அன்செல்மின் ஈட்டி உடைந்து மரச்சிம்பு உள்ளே வந்துவிட்டது. தைத்தவன் சொன்னான், இன்னொரு தரம் என்றால் தைக்க அங்கே ஒன்றும் மிஞ்சாது என்று."

"அந்தப் பழைய கவசமும் என் பட்டறையில் செய்ததுதானே? கொண்டுவந்திருக்கிறீரா?"

"வெளியே குதிரைமேல் இருக்கிறது. அதில்தான் கோளாறு. கண்பிளவை அகலமாக வைத்துவிட்டாய். அன்செல்முக்கு மட்டும் ஒடுக்கமாக வைத்துக் கொடுத்திருக்கிறாய்."

அவள் பழையதைக் கொண்டுவரச் சொன்னாள். அதுவும் தவளை வாய்தான். கொக்கின் கழுத்து ஒருபக்கம் தொங்கிக்கொண்டு வந்தது. அதன் பிளவில் சுண்டுவிரலை நுழைத்தாள். இறுக்கமாக நின்றது. பிறகு புதியதன் பிளவில் அதே விரலை நுழைத்தாள். அங்கேயும் இறுக்கமாக நின்றது.

"ஒரே விரல்."

ருடிகர் தன் விரலாலும் போட்டுப் பார்த்தான். அவள் விரலை நம்ப அவனுக்கு இஷ்டமில்லை.

ஒரே விரல்தான்.

*

பட்டறைச் சுவரில் பழைய தலைக்கவசங்கள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றிலும் எங்காவது ஒரு பள்ளம், ஒரு கிழிசல்.

பிரிகிட்டா சுத்தியல் பிடியால் முதலாவதைத் தட்டினாள். முகம் திறந்த கூம்பு. மூக்குக்கு மட்டும் ஒரு பட்டை.

"இந்த ஆள் கன்னத்தில் வாங்கினார். அதனால் முகத்தை மூடினார்கள்."

இரண்டாவது. கவிழ்த்த வாளிபோலத் தட்டை உச்சி.

"இவர் உச்சியில் வாங்கினார். தட்டையாக இருந்ததால் அடி வழுக்கவில்லை. அதனால் கூராக்கினார்கள்."

மூன்றாவது. கூர் உச்சி. முன்னால் பன்றி மூஞ்சிபோல நீண்ட முகமூடி, கீல் வைத்துத் தூக்கிவிடலாம்.

"இவர் தண்ணீர் குடிக்க முகமூடியைத் தூக்கினார்."

"பிறகு?"

"அம்பு காத்துக்கொண்டிருந்தது. அதனால் ஈட்டி ஓட்டத்துக்கு மட்டும் தூக்கவே முடியாததாக ஒன்று செய்தோம். உம்முடைய தவளை."

ருடிகர் பொறுமையில்லாமல் கால் மாற்றி நின்றான்.

"இதெல்லாம் எனக்கு எதற்கு?"

"ஒவ்வொருத்தரும் வந்து, எங்கே அடி பட்டது என்று காட்டினார்கள். அதற்குத் தகடு வைத்தோம். உமக்கு எங்கே அடி?"

"காட்டினேனே! புருவத்தில்."

"அது சிம்பு பட்ட இடம்."

*

எதிரெதிரே குதிரை விட்டு ஈட்டியால் மோதும் அந்தப் போட்டியில், தவளை வாய்க் கவசத்துக்கு ஒரே ஒரு விதி. குழந்தைக்கும் புரியும்.

கவசம் மார்புத் தகட்டோடும் முதுகுத் தகட்டோடும் பூட்டப்பட்டிருக்கும். கழுத்தை அசைக்க முடியாது. இடுப்பிலிருந்து முன்னால் குனிந்தால்தான் பிளவு வழியாக எதிராளி தெரிவான். குனிந்தபடியே குதிரையை விட வேண்டும். ஈட்டி மேலே விழப்போகும் கணத்தில் நிமிர்ந்துவிட வேண்டும். நிமிர்ந்தால் ஒன்றுமே தெரியாது. ஆனால் பிளவு வானத்தைப் பார்க்கும். ஈட்டி வழவழப்பான இரும்பில் பட்டு வழுக்கிப் போகும்.

குனிந்தால் பார்வை. நிமிர்ந்தால் உயிர்.

"நிமிர்ந்தீரா?" என்று கேட்டாள் பிரிகிட்டா.

"இதென்ன கேள்வி! இருபது வருஷமாக ஓட்டுகிறேன்."

"இப்படி உட்காரும்."

மர முக்காலியில் உட்கார வைத்தாள். மார்புத் தகடும் முதுகுத் தகடும் மாட்டி, பழைய கவசத்தைக் கவிழ்த்து முன்னும் பின்னும் பூட்டினாள். பிறகு மூலையில் சாய்த்திருந்த நீளக் காம்புத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பட்டறையின் அந்தக் கோடிக்குப் போனாள்.

"இது ஈட்டி. நான் வருகிறேன்."

"துடைப்பமா?"

"உமக்கு இது போதும்."

விறுவிறுவென்று வந்தாள். துடைப்பத்தின் ஈர்க்குகள் பிளவுக்குள் போயின. உள்ளே தும்மல் கேட்டது.

"ஏன் நிமிரவில்லை?"

"நிமிர்ந்தேன்!"

"மறுபடி."

மறுபடியும் தும்மல்.

"நீ சொல்லாமல் கொள்ளாமல் வருகிறாய்."

"சரி, சொல்லிவிட்டே வருகிறேன். இப்போது வருகிறவள் பிரிகிட்டா."

வந்தாள். அவன் நிமிர்ந்தான். ஈர்க்குகள் இரும்பில் சரக்கென்று உரசிப் போயின.

"ஆகா! பார்த்தாயா?" என்றது கவசம்.

"பார்த்தேன். இப்போது வருகிறது அன்செல்ம்."

வந்தாள்.

அவன் குனிந்தபடியே இருந்தான். கொத்தாக உள்ளே போயிற்று.

*

தும்மல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"எதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்?"

கவசம் ஒருமுறை மூக்கை உறிஞ்சியது.

"வீரரே, உம்மைத்தான்."

"அவன் முகத்தை" என்றது கவசத்துக்குள்ளிருந்து ஒரு குரல். "அடி விழும் நேரத்தில் அவன் பயப்படுகிறானா என்று. ஒரே ஒரு தடவை. நான் பயப்படுவதுபோல அவனும் பயப்படுகிறானா என்று."

"எத்தனை வருஷமாகப் பார்க்கிறீர்?"

"ஏழு."

"பயப்படுகிறாரா?"

"தெரியவில்லை."

"ஏழு வருஷம் பார்த்துமா?"

வலப்பக்கத் துளைகள் வழியாக மூச்சு புஸ் புஸ்ஸென்று வந்தது.

"அவனும் தலைக்கவசம் போட்டிருக்கிறான்" என்றான் ருடிகர்.

"அப்படியானால் என்னதான் தெரிந்தது?"

மூச்சுச் சத்தம் நின்றது.

"இரும்பு."

பிரிகிட்டா துடைப்பத்தைத் திருப்பிப் பிடித்துப் பட்டறையைப் பெருக்க ஆரம்பித்தாள்.

"அம்மா, இதைக் கழற்றிவிடு. பூட்டு முதுகில் இருக்கிறது. எனக்கு எட்டாது."

"இந்த மூலை ஒன்று பாக்கி" என்றாள்.

*

எட்டாம் நாள் போட்டி.

அன்னம் அந்தக் கோடியில். கொக்கு இந்தக் கோடியில். நடுவே நீளமான மரத்தடுப்பு. சனங்கள் வேலிமேல் ஏறி நின்றார்கள். "அன்செல்ம்! அன்செல்ம்!" என்று ஒரு கூச்சல். ருடிகரின் பெயரை ஒரே ஒரு பெண்குரல் கூப்பிட்டது. அது ஹெட்விக். அதுவும் "கொக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்!" என்றுதான்.

முதல் ஓட்டம். ருடிகர் குனிந்தான். அன்னம் பெரிதாகிக்கொண்டே வந்தது. இன்னும் பெரிதாயிற்று. இந்தத் தடவை தெரிந்துவிடும், இந்தத் தடவை நிச்சயம் தெரிந்துவிடும் என்று குனிந்தே இருந்தான்.

ஈட்டி முனை பிளவின் உதட்டில் மோதியது. ஒரு சிம்பு உள்ளே வந்து பழைய தழும்பின்மேலேயே கீறியது.

இரத்தம் இடக்கண்ணில் வழிந்தது. கண்ணைச் சிமிட்டினான். கண் இருந்தது.

இரண்டாவது ஓட்டத்துக்குக் குதிரையைத் திருப்பி நிறுத்தினார்கள். போட்டியை நிறுத்திவிடலாம் என்று ஒருவன் சொன்னான். ருடிகர் ஈட்டியை வாங்கிக்கொண்டான்.

குதிரை கிளம்பியது. குனிந்தான். அன்னம் வந்தது. வலக்கண்ணில் மட்டும் தெரிந்தது. ஒரு விரல் அகலத்தில், வெயிலில் பளபளக்கும் இரும்பு. அதில் முகம் இல்லை. ஏழு வருஷமும் இருந்ததில்லை.

நிமிர்ந்தான்.

அன்னம் போயிற்று. தடுப்பு போயிற்று. சனங்கள் போனார்கள். தலைக்குமேல் நூல்போல ஒரு கீற்று வானம். உள்ளே பழைய வியர்வையும் நனைந்த வைக்கோல் திண்டும் நாறின. இந்த நாற்றம் இத்தனை வருஷம் இங்கேயா இருந்தது?

யாரோ பக்கத்தில் மூச்சு விடுவது கேட்டது. அது அவன்தான்.

பிறகு இடி விழுந்தது.

*

மறுநாள் காலையில் ருடிகர் பட்டறைக்கு வந்தான். புருவத்தில் புதுத் தையல். அதற்குக் கீழே கண் வீங்கி, சிவந்து, ஆனால் கண்ணாகவே இருந்தது. கவசத்தைக் கக்கத்தில் இடுக்கியிருந்தான். உச்சியில் கொக்கு இல்லை.

"விழுந்தீராமே?" என்றாள் பிரிகிட்டா. இரும்பைத் திருப்பி அடுப்பில் வைத்தாள்.

"மூன்றாவது ஓட்டத்தில். பரிசு அவனுக்குத்தான். அந்தக் குதிரை இருக்கிறதே, அது குதிரையே இல்லை, பேய். அதை எந்தச் சந்தையில் பிடித்தான் என்று—" நிறுத்திக்கொண்டான்.

"இரண்டாவதில்?"

"ஈட்டி வழுக்கிப் போயிற்று. என்னுடையது அவன் கேடயத்தில் பட்டு உடைந்தது. அப்படித்தான் சொன்னார்கள்."

"அன்செல்ம் ஆடிப்போய்விட்டாராமே? சேணத்தில் பாதி சரிந்து, குதிரைக் கழுத்தைக் கட்டிக்கொண்டாராம். ஊரெல்லாம் அதே பேச்சு. எப்படி இருந்தார்? பயந்தாரா?"

ருடிகர் யோசித்தான்.

"நான் பார்க்கவில்லையே, அம்மா."

பிரிகிட்டா சுத்தியலைக் கீழே வைத்தாள்.

முக்காலியைக் காலால் அவன் பக்கம் தள்ளினாள். ஆணியில் தொங்கிய அளவுநூலை எடுத்தாள்.

"உட்காரும்" என்றாள்.