ரோமத்துக்குள் ஒளிந்த விலா

பனிமலை அடிவாரத்துப் புல்வெளியில் ஒரு குதிரைக் கூட்டம் வாழ்ந்தது. அதில் செவலை என்றொரு குட்டிக் குதிரை. தாய்ப்பால் மறந்தபின் அதற்கு வந்த முதல் குளிர்காலம் அது.

குளிர் ஏற ஏற, செவலையின் உடம்பில் ரோமம் அடர்ந்து நீண்டது. உறைந்த குளத்தில் தன் உருவத்தைப் பார்த்ததும் அதற்குத் தலைகால் புரியவில்லை. "அடேயப்பா! எவ்வளவு பருத்துவிட்டேன்!" என்று துள்ளியது.

அந்தக் கூட்டத்தோடு மேய்ந்துவந்த தாடியப்பன் என்ற வெள்ளாடு இதைக் கேட்டது. அதற்கு வயிறு பெரிது, தந்திரம் அதைவிடப் பெரிது. வெட்கம் மட்டும்தான் கொஞ்சம் குறைவு.

"ராசா! சொன்னால் கோபிக்காதே. இப்படியே கொழுத்தால் கோடையில் ஓட முடியுமா? நத்தைகூட உன்னை முந்திவிடும்!"

"ஐயையோ! நான் என்ன செய்ய?"

"தின்பதைப் பாதியாகக் குறை. மீதிப் புல்லை வீணாக்காதே. பாவம், நான் தின்று தீர்க்கிறேன்!"

மேய்ப்பன் போடும் உலர்ந்த புல்லில், செவலையின் பங்கில் பாதி அன்றுமுதல் ஆட்டின் வயிற்றுக்குப் போனது. ஆடு அதோடு விட்டதா? காற்று அடித்தால் குதிரைகள் எல்லாம் காற்றுக்கு முதுகு காட்டி, ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். நடுவில் குட்டிகளுக்கு இடம். "கொழுத்தவனுக்கு நடுவில் என்ன வேலை? ஓரத்தில் நில்!" என்று சொல்லி, அந்தக் கதகதப்பான இடத்தையும் தாடியப்பன் பிடித்துக்கொண்டது. இடம் கொடுத்தால் மடம் பிடுங்கும் என்று சும்மாவா சொன்னார்கள்!

பெரிய குதிரைகளும் செவலையைப் பார்த்தன. "பிள்ளை நன்றாகத் தேறிவிட்டான்!" என்று மகிழ்ந்தன. பார்க்கிற கண்ணுக்கு ரோமம்தானே தெரியும்!

ஓரத்தில் செவலைக்குப் பக்கத்தில் தும்பி என்ற கழுதை நின்றது. கழுதைக்கு அந்தக் கூட்டத்தில் எப்போதும் ஓரம்தான். ஒருநாள் காற்று தள்ளியதில் செவலை அதன்மேல் சாய்ந்தது.

"அம்மாடி! உன் விலா குத்துகிறதே! நீ ஒழுங்காகத் தின்கிறாயா, இல்லையா?" என்று கேட்டது தும்பி.

"எனக்கா விலா? கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை! நான் கொழுத்திருப்பது தெரியவில்லை? உனக்குக் கண் இல்லையா?"

"கண் இருக்கிறது. தோளும் இருக்கிறதே!"

செவலை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அன்று மாலையே பனிப்புயல் வந்தது. வயிற்றில் புல் இருந்தால்தான் குதிரைக்கு உள்ளே சூடு பிறக்கும். செவலையின் வயிறோ காலி. உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. முன்னங்கால்கள் மடங்கின. அந்தப் பனியில் விழுந்துவிட்டால் மறுபடி எழ முடியாது.

தும்பி தன் முதுகால் அதைத் தாங்கிக்கொண்டு கத்தத் தொடங்கியது. கழுதையின் குரலைப் பற்றிச் சொல்லவா வேண்டும்! புயலே வாயடைத்துப் போயிருக்கும்.

"குட்டி சாகிறது! ஓடி வாருங்கள்! ரோமத்தைப் பார்க்காதீர்கள், விலாவைத் தொட்டுப் பாருங்கள்!"

கிழட்டுக் குதிரை ஒன்று மூக்கால் ரோமத்தை விலக்கிப் பார்த்தது. அடியில் வரிவரியாக எலும்பு. "ஐயோ! நம் நடுவிலேயே ஒரு பிள்ளை பட்டினி கிடந்திருக்கிறதே!" என்று பதறியது. குதிரைகள் தாடியப்பனை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு, செவலையை நடுவில் நிறுத்தின. தும்பி தன் பங்குப் புல்லைக் கவ்வி வந்து அதன் வாயருகே போட்டது.

"மெதுவாக மெல்லு. யாரும் பிடுங்க மாட்டார்கள்."

செவலை மென்றது. உடம்பில் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு திரும்பியது. விடிந்தபோது அது தன் காலில் நின்றது.

"தும்பி, உன்னை இளப்பமாகப் பேசினேனே! நீ இல்லாவிட்டால் இந்த வெயிலை நான் பார்த்திருக்க மாட்டேன்" என்று சொல்லிக் கண்ணீர் விட்டது.

"அட, அழாதே! கண்ணீரும் உறைந்துவிடும்!" என்றது தும்பி.

மறு குளிர்காலம் வந்தது. செவலை இப்போது நிஜமாகவே திடமாக வளர்ந்திருந்தது. முதல் குளிர்காற்று அடித்ததும் அது தும்பியை நடுவில் நிறுத்தியது. பிறகு யாரும் சொல்லாமலே ஓரத்தில் போய்க் காற்றுக்கு முதுகு காட்டி நின்றது.

மேனியைக் கண்டு மெச்சுகிறவர் ஆயிரம் பேர் இருக்கலாம். நம் மெலிவை அறிந்து குரல் கொடுக்கிறவரே மெய்யான துணை, அவருக்கு நன்றியைச் செயலில் காட்ட வேண்டும்.