பாவாயியின் பால்

பால் சொசைட்டிக்கு வந்த புது மெஷினை ஊரே நம்பியது. செயலாளர் செங்கோடன் ஊரைவிட ஒரு படி அதிகமாக நம்பினார். வீடு வீடாகப் பேசி அதை வரவழைத்தவரே அவர்தான். கொஞ்சம் பாலை உறிஞ்சும். கொழுப்பு எவ்வளவு, கலந்த தண்ணீர் எவ்வளவு என்று சுவரில் மாட்டிய திரையில் காட்டும். அடுத்த நொடி அவரவர் கைப்பேசிக்கும் போய்விடும்.

அன்று காலை வரிசையில் முதல் ஆள் பாவாயி. அவள் பாலில் தண்ணீர் என்றது திரை. வாரம் முழுக்க அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

"இவ மாடு வாய்க்காலுக்குள்ள நின்னு மேயுதாட்ட இருக்குது," என்றது பின்னால் ஒரு குரல். வரிசை சிரித்தது.

"ஒரு சொட்டு ஊத்தலீங்க. எம்புள்ளைக மேல சத்தியம்," என்றாள் பாவாயி.

"மெஷினுக்குப் புள்ளைக இல்ல. அது யாருக்கும் பயந்து பேசாது," என்றார் செங்கோடன். "திருட்டுப் பாலுக்கு இங்க எடமில்ல. நாளையிலிருந்து வராத."

சுற்றுவட்டாரத்தில் வேறு சொசைட்டி கிடையாது. அந்த ஒரு மாட்டை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பும் கிடையாது.

பாலைச் சாக்கடையில் கொட்டுவதற்காகச் செங்கோடன் கேனைத் தூக்கினார். ஒரு பக்கக் கைப்பிடி அவர் கையில். மறுபக்கத்தைப் பாவாயி விடவில்லை. சிரிப்பு நின்றுபோயிற்று. ரெண்டு பேர் அவளைப் பிடித்து இழுக்க முன்னால் வந்தார்கள்.

"செங்கோடரே."

பால் வாங்கச் செம்போடு வரிசையில் நின்றிருந்தவர் குருவம்மா. செங்கோடனைவிடப் பத்து வயது இளையவர்; ஆனாலும் தினம் சாயங்காலம் அவர் எதிரே தரையில் உட்கார்ந்து ஞானப் பாடம் கேட்கிறவர் செங்கோடன்.

"எறக்கி வைங்க."

"மெஷின் பொய் சொல்லாதுங்கம்மா."

"சொல்லாது. எறக்கி வைங்க."

வைத்தார்.

"மத்தவங்க பாலை எடுங்க. கடைசியா இதை மெஷின்கிட்ட இன்னொருக்கா கேளுங்க."

வரிசை நகர்ந்தது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பால் ஊற்றியவர்களும் ஓரமாக நின்றுகொண்டார்கள். அத்தனை கண்ணும் கேன்மேல். பாவாயி கிட்டே வந்தால், "தொடாத," என்றார்கள். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

கடைசி ஆளும் ஊற்றியாயிற்று. செங்கோடன் பாவாயியின் பாலை மெஷினுக்குக் கொடுத்தார். திரை ஒருமுறை கண்ணடித்தது.

தண்ணீர்: பூஜ்யம்.

"கேனை மாத்திப்போட்டாங்களா?" என்றான் ஒருவன்.

"எங்கடா மாத்தறது? நீதான கண்ணு கொட்டாம காவல் இருந்த?"

மெஷின் மாட்ட வந்த ஆள் சொன்னது செங்கோடனுக்கு அப்போதுதான் நினைவில் தட்டியது. கறந்த சூட்டோடு நுரை நுரையாக ஊற்றினால் காட்டுவது தப்பாகப் போகும், நுரை அடங்கட்டும் என்றிருந்தான். அன்று செங்கோடன் தலையை ஆட்டியதோடு சரி. மற்றவர்கள் பால் வந்து சேர்ந்து வரிசையில் நிற்பதற்குள் அடங்கிவிடுகிறது. பாவாயி மாடு கட்டும் கட்டுத்தரை சொசைட்டிச் சுவருக்கு அந்தப் பக்கம். மடியிலிருந்து நேரே மெஷினுக்கு.

கூட்டம் கலைந்த பிறகு அவர் குருவம்மாவிடம் மெல்லக் கேட்டார்:

"நுரை சமாச்சாரம் உங்களுக்கு முன்னாலயே தெரியுமுங்களா?"

"எனக்கென்ன தெரியும் மெஷினப் பத்தி? நீங்க கோவத்துல தூக்குனீங்க. அதான் எறக்கச் சொன்னேன்."

செங்கோடன் கைப்பேசியை எடுத்தார். "தப்பு மெஷின் மேலதான்னு எல்லார் போனுக்கும் அனுப்பிடறனுங்க. பாவாயிகிட்டயும் அப்படியே சொல்லிப்போடறேன்."

குருவம்மா பாலுக்காகச் செம்பை நீட்டினார்.

"மெஷின் தண்ணின்னுதான் சொல்லுச்சு, செங்கோடரே. திருட்டுன்னு அது சொன்னதா எங்காதுல விழலையே."