கண் திறந்து தூங்கிய கோல்கீப்பர்

ஆலங்காட்டு மிருகங்களுக்குக் கால்பந்து என்றால் உயிர். மான் பந்தோடு ஓடினால் பின்னால் தூசிதான் தெரியும். எருமை பின்களத்தில் நின்றால் அதைத் தாண்டிப் பந்து போகாது. முயல்தான் கோல்கீப்பர். பயிற்சியாளர் நரி. நரிக்குப் பந்தை உதைக்கத் தெரியாது, ஆனால் குரல் பெரிது.

கோடை தொடங்கும் நாளில் மலைக் குரங்குகளோடு பெரிய ஆட்டம் உண்டு. ஜெயிக்கும் அணிக்கே அந்தக் கோடை முழுவதும் அடிவாரத்து ஊற்று சொந்தம். தோற்றவர்கள் இரண்டு குன்று தாண்டி ஆற்றுக்கு நடக்க வேண்டும். போன கோடையில் அப்படி நடந்தபோது மானின் குட்டி வழியிலேயே சுருண்டு விழுந்துவிட்டது. பிழைத்ததே பெரிய பாடு. இந்த முறை தோற்கவே கூடாது என்று மான் வைராக்கியமாக இருந்தது.

அந்தப் பக்கத்துக் காடுகளில் ஒரு வழக்கம். ஆட வரும் அணியின் பயிற்சியாளருக்கு நண்டு விருந்து வைப்பார்கள். ஆடுகிறவர்களுக்குத் தண்ணீர். அதனால் நரி எந்த அழைப்பையும் தட்டவில்லை. நேற்று மூங்கில் காடு, இன்று சதுப்புக் காடு, நாளை இன்னொரு காடு. பெரிய ஆட்டத்துக்கு முந்தின நாள்கூட ஓர் ஆட்டத்தை ஒப்புக்கொண்டிருந்தது.

எருமை நேராகப் போய்ச் சொன்னது: "அண்ணே, ஆட்டம் முடிஞ்சா ஒரு நாளாவது சேத்துல கிடக்கணும். இல்லன்னா என் கால் என் பேச்சைக் கேக்காது."

"உட்கார்ந்தா உடம்பு இறுகிப் போகும். நடந்துகிட்டே இருக்கணும், அதுதான் மருந்து" என்றது நரி, பல்லிடுக்கில் மாட்டிய நண்டு ஓட்டைக் குத்தி எடுத்தபடி.

எருமை சேற்றுக்குப் போய்ப் படுத்தது. நரி அதை அணியிலிருந்து நீக்கியது. இனி யார் கண்ணை மூடிப் படுத்தாலும் இதே கதிதான் என்று அறிவித்துவிட்டு, குகைக்குள் போய் மதியம் வரை தூங்கியது. கேட்டவர்களிடம், யோசித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னது.

மானுக்குப் பின்னங்கால் பிடித்துக்கொண்டிருந்தது. சொன்னால் தன்னையும் நீக்கிவிடுவார்கள், குட்டிக்கு ஊற்றுத் தண்ணீர் கிடைக்காமல் போய்விடும் என்று பயந்து வாயைத் திறக்கவில்லை. முயலுக்கு அந்தப் பயம் இல்லை. அதற்குக் கண்ணைத் திறந்தபடியே தூங்க வரும். களைப்பு தாங்காமல் நின்ற இடத்திலேயே தூங்கியது. நரி எப்போது பார்த்தாலும் முயலின் கண் திறந்தே இருந்தது. இதுவல்லவா அர்ப்பணிப்பு என்று மற்றவர்களுக்கு அதைக் காட்டி நரி மெச்சிக்கொண்டது.

பெரிய ஆட்டம் வந்தது. வெகுநேரம் யாரும் கோல் போடவில்லை. கடைசியில் மான் பந்தோடு கிளம்பியது. எதிரே கோல் காலியாக இருந்தது. நாலு எட்டு வைத்ததும் பின்னங்கால் சுண்டி இழுத்தது, மான் அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஒரு குரங்கு பந்தை இந்தப் பக்கம் தட்டிவிட்டது. எருமை நிற்க வேண்டிய இடத்தில் யாரும் இல்லை. பந்து அவசரமே இல்லாமல் உருண்டு வந்தது. முயல் அதைப் பார்த்தபடி நின்றது. பந்து அதன் காலை உரசிக்கொண்டு உள்ளே போனது.

"கண்ணைத் திறந்துதானே வச்சிருந்தே!" என்று கத்தியது நரி.

முயல் திடுக்கிட்டு, "ஆட்டம் ஆரம்பிச்சாச்சா அண்ணே?" என்று கேட்டது.

மறுநாள் எல்லோரும் ஆற்றுக்கு நடந்தார்கள். மான்குட்டியை எருமை முதுகில் ஏற்றிக்கொண்டது. மான் நொண்டியபடி பின்னால் வந்தது. அழுதுகொண்டுதான் வந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? முதல் குன்றிலேயே நரிக்கு மூச்சு வாங்கியது. கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகலாமா என்று கேட்டது.

மான் நிற்கவில்லை. "உட்கார்ந்தா உடம்பு இறுகிப் போகுமே அண்ணே. நடங்க" என்றது.

ஓய்வைக் கொடுக்காமல் உழைப்பை மட்டும் கேட்பவர், கடைசியில் அந்த உழைப்பையும் இழப்பார்.