சோற்றுக்கு முன் ஒரு ஸ்தோத்திரம்

"ஸ்தோத்திரம் வரமாட்டேங்கு, அக்கா" என்றார் உபதேசியார் மாசிலாமணி.

அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

அந்த மலையடிவார ஆசிரமத்தில் அவருக்கு வேறு பெயர் கிடையாது. வயது நாற்பதைத் தாண்டியிருக்காது. ஆனாலும் தலை நரைத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஆண்டவரிடம் கேட்கக் கூச்சப்படுவதை அக்காவிடம் கேட்கலாம் என்று சுற்றுவட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு.

"எப்போலேருந்து?"

"அருள்கனி போனதுலேருந்து."

அருள்கனி அவர் மனைவி. மழை தொடங்கியபோது காய்ச்சலில் படுத்தவள், மழை விட்டபோது இல்லை.

மாசிலாமணி சைக்கிளில் ஊர் ஊராகப் போய் வேதம் சொன்னவர். சாவு வீடு, நோய் வீடு, பயிர் கருகிய வீடு, எங்கே போனாலும் அவர் கையில் ஒரே வசனம்தான். எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரம் செய்யுங்கள், அதாவது எது நடந்தாலும் ஆண்டவருக்கு நன்றி சொல்லுங்கள். ஊருக்குத்தான் உபதேசம் என்று அவர் முதுகுக்குப் பின்னால் சிலர் சிரித்ததுண்டு. அது அநியாயம். அவர் அதை மனதார நம்பினார்.

நம்பியதுதான் இப்போது தொல்லை.

"துக்கம் கேக்க வாரவங்க எல்லாம் என் வசனத்தையே எனக்குச் சொல்லிட்டுப் போறாவ. நானும் சொல்லிப் பாக்கேன். தட்டை முன்னால வச்சிக் கண்ணை மூடுதேன். நாக்கு எழும்பல. ஜெபம் பண்ணாம சாப்பிட்டும் பழக்கமில்ல. அப்படியே மூடி வச்சிருதேன்."

சொல்லவே வேண்டியதில்லை. சட்டை அவர்மேல் தொங்கிக்கொண்டிருந்தது.

"என்ன சொல்லப் பாத்தீங்க?"

"அவளை எடுத்துக்கிட்டதுக்கு ஸ்தோத்திரம்னு."

அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"அதை உங்ககிட்ட யார் கேட்டா?"

"ஆண்டவர் கேக்காருல்லா."

"வந்து கேட்டாரா?"

உபதேசியாருக்குக் கோபம் வந்தது. "அக்கா, நான் இம்புட்டுத் தூரம் வந்தது அதைச் சொல்ல ஒரு வழி கேட்டு. நீங்க என்னையக் கேலி பண்ணுதீங்க."

சாப்பாட்டு மணி அடித்தது.

அக்கா கீரையை முறத்தோடு ஒதுக்கிவைத்தார். "வாங்க, சாப்பிடலாம்."

"நீங்க இன்னும் பதில் சொல்லல."

"சாம்பார் நல்லா இருக்கும். வாங்க."

பந்தியில் அவரைத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். இலை போட்டார்கள். சோறு விழுந்தது. சாம்பார் விழுந்தது. ஒருவரும் தொடவில்லை.

எல்லோரும் உபதேசியாரையே பார்த்தார்கள்.

"இங்க ஒரு வழக்கம்" என்றார் அக்கா. "விருந்தாளி ஜெபம் பண்ணணும். அவர் ஆமென் சொன்ன பிறகுதான் நாங்க கை வைப்போம்."

"அக்கா, இது நியாயமே இல்ல."

"வழக்கம்."

"நீங்க சாப்பிடுங்க. நான் எந்திரிச்சு வெளிய போயிருதேன்."

"போங்க. வார வரைக்கும் காத்திருப்போம்."

அவர் எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடினார். வழக்கம்போல ஒன்றும் வரவில்லை.

எதிர் வரிசையில் தோட்டவேலை பார்க்கும் எபநேசர். விடிந்ததிலிருந்து மண்வெட்டி பிடித்த மனிதர். பொறுத்துப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "உபதேசியாரே, சின்ன ஜெபமா இருந்தாலும் ஆண்டவர் ஒண்ணும் சொல்லமாட்டாரு" என்றார்.

யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

உபதேசியாருக்கு அருள்கனி வேண்டும் போலிருந்தது. அவள் உயிரோடு எழுந்து வரவேண்டும் என்றுகூட இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து இந்த ஒரு ஜெபத்தைத் தொடங்கிவைத்தால் போதும் என்றிருந்தது.

"வீட்டுல நான் பண்ணுறதில்ல" என்றார் கண்ணைத் திறக்காமல். "ஊரெல்லாம் ஜெபம் பண்ணி வாய் ஓஞ்சு போச்சு, நீயே பண்ணுன்னு சொல்லிருவேன். அவதான் பண்ணுவா."

"எப்படிப் பண்ணுவாங்க?"

"அது படிக்காதவ ஜெபம், அக்கா."

"எங்களுக்குப் பசிக்குது, உபதேசியாரே. எந்த ஜெபமா இருந்தாலும் சரி."

அவர் தயங்கினார். பிறகு அவள் சொல்வதுபோலவே சொன்னார்.

"அப்பா, விறகு ஈரமா இருந்தும் அடுப்பு பத்திக்கிச்சே, ஸ்தோத்திரம்."

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கிணத்துல வாளி விழாம காத்தீரே, ஸ்தோத்திரம். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு வயித்துவலி நின்னுதே, ஸ்தோத்திரம். கருவாடு பூனை வாயில போகாம தப்பிச்சுதே, ஸ்தோத்திரம்."

எபநேசர் ஆமென் என்றார், முடிந்துவிட்டதென்று நினைத்து. முடியவில்லை.

"காலைல வெளிய போன இவிய..."

அங்கே நின்றுவிட்டார்.

"சொல்லுங்க" என்றார் அக்கா.

"இதை என் வாயால எப்படிச் சொல்ல?"

"அவங்க சொன்னதைத்தானே சொல்றீங்க."

"வெளிய போன இவிய பத்திரமா வீடு வந்து சேந்துட்டாவ, ஸ்தோத்திரம்னு சொல்லுவா. ஒரு நாள் விடாம. பக்கத்து ஊருக்குப் போயிட்டு வந்தாலும் சொல்லுவா. இவியன்னா நான்தான். எனக்கு வெக்கமா இருக்கும்."

"அப்போ நீங்க என்ன செய்வீங்க?"

"கண்ணை மூடி உக்காந்திருப்பேன். எப்போ முடிப்பான்னு."

"பதிலுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

"யாருகிட்ட?"

"ஆண்டவர்கிட்ட. அவங்களுக்காக."

மாசிலாமணி கண்ணைத் திறந்தார். அக்காவைப் பார்த்தார். அக்கா தன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சமையற்கட்டில் யாரோ பாத்திரத்தை மெதுவாகக் கீழே வைத்தார்கள்.

"ஒண்ணும் சொன்னதில்ல" என்றார்.

மறுபடி கண்ணை மூடினார். இந்தமுறை எபநேசர்கூட வாய் திறக்கவில்லை.

"ஆண்டவரே" என்றார் உபதேசியார்.

கண்ணீர் இலையில் விழுந்தது. அவர் துடைக்கவில்லை.

"நான் வீட்டுக்கு வாரப்போ எல்லாம் அவ இருந்தாளே."

யாரும் ஆமென் சொல்ல அவசரப்படவில்லை.

"மழையில நனஞ்சு வந்தாலும் இருந்தாளே. கோவத்துல வந்தாலும் இருந்தாளே. நான் கேக்காமலே அவளைத் தந்தீரே."

அவர் கையைக் குவித்து நெற்றியில் வைத்துக்கொண்டார்.

"ஸ்தோத்திரம், அப்பா. ஸ்தோத்திரம்."

ஆமென் என்றார்கள் எல்லோரும்.

அக்கா அவர் இலைப் பக்கம் தண்ணீர்ச் செம்பை நகர்த்திவைத்தார். மாசிலாமணி சோற்றைப் பிசைந்தார்.