லாமாவின் கழுத்தில் கட்டிய பாவு

"பாவு மறுபடியும் அறுந்துபோச்சும்மா. இந்தக் கம்பளி என் கைக்கு அடங்காது."

சொன்னவர் ஏகாம்பரம். காஞ்சிபுரத்தில் முப்பது வருஷம் பட்டு நெய்த மனுஷன், சும்மாவா? இப்போது கடல் தாண்டி, பெரு நாட்டு மலைமேல், அல்பாக்கா என்ற கம்பளி விலங்கு வளர்க்கும் ஒரு பண்ணையில் கம்பளி நெய்யக் கற்றுக்கொள்கிறார். குருவின் பெயர் சீசா. ஏகாம்பரத்துக்கு மகள் வயசு.

அங்கே தறி என்று தனியாக ஒன்று கிடையாது. பாவின், அதாவது நீள இழைகளின், ஒரு முனையை மரத்தில் கட்டுவார்கள். மறுமுனை நெய்கிறவர் இடுப்பில். பின்னால் சாய்ந்தால் பாவு இறுகும், முன்னால் குனிந்தால் தளரும்.

"யாருக்கு ஐயா இந்தப் போர்வை?"

"பேரனுக்கு. பிறந்து ஆறு மாசம். இன்னும் முகம் பார்க்கலை. மகன் என்னோட பேசி நாலு வருஷம் ஆச்சு. இதை அனுப்பினாலாவது ஒரு வார்த்தை பேச மாட்டானா?"

"ஏன் பேசவில்லை?"

"தறியிலதான் உட்காரணும்னேன். மாட்டேன்னான். அப்போ என் வீட்டு வாசப்படி மிதிக்காதேன்னுட்டேன்."

சீசா அறுந்த இழைகளை முடிந்தாள். பாவை மரத்திலிருந்து அவிழ்த்தாள். மேய்ந்துகொண்டிருந்த லாமா ஒன்றைக் கூட்டிவந்தாள். ஒட்டகத்துக்குத் தம்பி மாதிரி இருக்கும், திமில்தான் இல்லை. அதன் கழுத்தில் பாவைக் கட்டினாள்.

"என்னம்மா விளையாட்டு இது?"

"நெய்யுங்கள் ஐயா."

ஏகாம்பரம் வழக்கம்போல் சாய்ந்து இறுக்கினார். லாமா காலை ஊன்றிப் பின்வாங்கியது. பட்பட்டென்று நாலு இழை போனது. போதாததற்கு அவர் முகத்தில் துப்பியும் வைத்தது.

"ஐயையோ! இதோட மல்லுக்கட்ட என்னால ஆகாது!"

"மல்லுக்கட்ட யார் சொன்னது?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அறுந்த நாலு இழையையும் முடிந்தார். பிறகு மெல்ல முன்னால் குனிந்தார்.

லாமா அவரையே பார்த்தது. ஓரடி வைத்து அவர் பக்கம் வந்தது. காலை மடக்கிப் படுத்துக்கொண்டு, தொண்டைக்குள் 'ம்ம்ம்' என்று முனகியது.

அதன் மூச்சுக்குப் பாவு ஏறி இறங்கியது. அடேயப்பா! அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மூச்சுவிடுகிற தறியை அவர் எங்கே கண்டார்! அது இறங்கும்போது அவரும் குனிந்தார். அது ஏறும்போது ஊடையை, குறுக்கு இழையை, விட்டார். ஒரு சாண் வளர்ந்தது. ஒரு இழைகூட அறவில்லை.

திடீரென்று அவர் கை நின்றது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. இடுப்பு வாரை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"ஏன் ஐயா? போர்வை இன்னும் முக்கால்வாசி பாக்கி."

"அது இருக்கட்டும்மா. போன் போடணும். ஊர்ல இப்போ ராத்திரி, என் மகன் இந்நேரம் முழிச்சிருப்பானா?"